எண் இல்லாத பத்து ரூபாய்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தின் தெற்கு வாசலில், வாழைப்பழக் கடைக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் இடையே இருந்த ஆறடி இடத்தில், 1970 மார்ச் மாதத்திலிருந்து ஒரு மேசை கிடந்தது. மேசை மேல் ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு தகர டப்பா, ஒரு நீள ரிஜிஸ்தர். முன்புறம் கயிற்றில் தொங்கிய அட்டையில் ‘கிழிந்த நோட்டு, கறை நோட்டு மாற்றித் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மாணிக்கராஜ். ஊரில் ‘ஒட்டு நோட்டு அண்ணாச்சி’ என்றால்தான் அவரைத் தெரியும்.

அதற்கு முன் இருபத்தோரு வருடம் அவர் ஓர் அச்சகத்தில் டிரெடில் இயந்திரம் ஓட்டினார். கல்யாணப் பத்திரிகை, சபையின் பண்டிகை நோட்டீஸ், ஆடித் தபசு உபயதாரர் பட்டியல் எல்லாம் அவர் கை வழியாகப் போனவை. 1969 தீபாவளி நெருக்கத்தில் இயந்திரம் வாயை மூடியபோது வலது கையின் இரண்டு விரல்நுனிகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. புண் ஆறிய பிறகு காகிதம் ஊட்ட அந்தக் கை உதவவில்லை. காகிதத்தைத் தடவிப் பார்க்க இடது கை போதுமே என்று இந்தத் தொழிலுக்கு வந்தார்.

தொழில் சுலபமானதுதான். வருகிற நோட்டைக் கண்ணாடிப் பலகையில் விரித்து வைப்பார். சேதத்துக்குத் தகுந்தபடி கழிவு சொல்லிப் பணம் கொடுப்பார். கிழிசலை மெல்லிய தாளால் ஒட்டுவார். திங்கட்கிழமை வங்கியில் கொண்டுபோய் மாற்றுவார். நடுவில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேலை உண்டு. மனைவி ஞானபாய் குருணையில் நீர்க்கக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். அதை நோட்டின் பின்பக்கம் துணியால் ஒற்றி, கரி இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார் மாணிக்கராஜ். கசங்கிய நோட்டைக் கண்டால் கேஷியரின் முகமும் கசங்கும், விறைப்பான நோட்டைக் கண்டால் கை தானாக நீளும் என்பது அவருடைய அனுபவம். இந்த இஸ்திரியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பைக்கு ஞானபாய் ஒரு ரூபாய்த் தாளைத் தேய்த்து வைப்பதைப் பார்த்து அவரே பிடித்துக்கொண்டது.

ரிஜிஸ்தரில் ஐந்து பத்திகள் இருந்தன. கிழிசல், கறை, கரையான், தீ, தண்ணீர். தேதி, தொகை, நோட்டின் எண் ஆகியவற்றை எழுதி, ஐந்தில் எது காரணமோ அதில் ஒரு கோடு போடுவார். பன்னிரண்டு வருடத்தில் இந்த ஐந்துக்கும் தப்பிய நோட்டு ஒன்றுகூட வரவில்லை. அச்சடித்த இடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பிறகு மனுஷர் கையில்தான் அது சீரழிந்தது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

1982 மார்ச் 4, வியாழக்கிழமை. கடையநல்லூரிலிருந்து ஆமினாள் என்ற பெண் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொண்டுவந்தாள். தறிக்காரர் வீட்டு மருமகள். சங்கரன்கோவிலில் நூல் வாங்க வந்த இடத்தில் கடைக்காரர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். பின்பக்கம் மயில் உள்ள தாள். துவண்டு போயிருந்தது. ஒரு மூலையில் லேசான மஞ்சள். எண் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் ஒன்றும் இல்லை.

“இது தண்ணிப்பட்ட நோட்டு. என்னத்துலம்மா முக்குன?”

“முந்தியில முடிஞ்சிருந்தேன் அண்ணாச்சி. நூலு அலசும்போது நனைஞ்சிட்டு.”

“நம்பரு வெந்து போச்சு. நம்பரு இல்லாத நோட்ட பேங்குல தொட மாட்டான். ஆறு ரூவா தாரேன். மனசு இருந்தா குடு.”

“எட்டாத் தாங்களேன். வீட்டுக்குப் போனா மாமி உரிச்சிருவாவ.”

“ஆறு.”

அவள் ஆறு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள். சனிக்கிழமை வழக்கம்போல் அந்தத் தாளும் கஞ்சி குடித்து இஸ்திரி ஆனது. திங்கட்கிழமை கேஷியர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “வாட்டர்மார்க் இருக்கு, உள்ள கம்பி இருக்கு, கள்ள நோட்டு இல்ல. ஆனா எந்த நோட்டுன்னு நான் எழுத? நம்பர் எங்க வே?” என்று திருப்பித் தந்தார். மாணிக்கராஜ் அதை டப்பாவின் அடியில் போட்டார். ரிஜிஸ்தரில் ஏற்கெனவே ‘தண்ணீர்’ பத்தியில் கோடு விழுந்திருந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஜூலை மாதம் நோன்புப் பெருநாளுக்கு நஜ்முதீன் வந்தார்.

அவரும் கடையநல்லூர்தான். துபாயில் ஒரு சிந்திக்காரரின் கடையில் வேலை. அந்த முதலாளிக்கு ஒரு பைத்தியம், அச்சில் பிழையான ரூபாய்த் தாள்களைச் சேர்ப்பது. லீவில் வந்த நஜ்முதீனிடம் ஒரு பூதக் கண்ணாடியும், எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கக் கடிதமும் கொடுத்து அனுப்பியிருந்தார். ஜூலை 28, புதன்கிழமை அந்தக் கண்ணாடி மாணிக்கராஜின் மேசைக்கு வந்தது.

“அண்ணாச்சி, பிரஸ்ஸுல நடந்த தப்பா இருக்கணும். வெளிய வந்த பொறவு நடந்தது ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதாச்சும் கெடக்கா?”

“எங்கிட்ட வாரது எல்லாம் வெளிய வந்த பொறவு செத்ததுதான் தம்பி. பாரும்.”

டப்பாவைக் கவிழ்த்தார். முதலில் மயிலின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடிய ஒரு தாளை நஜ்முதீன் ஆவலாக எடுத்தார். அவர் கண்ணாடியை வைக்கும் முன்பே மாணிக்கராஜ் சொன்னார்.

“அது மடிச்சு மடிச்சு மை உதிர்ந்தது. கோட்டுல பஞ்சு எந்திரிச்சு நிக்கும், பாரும். பிரஸ்ஸுல காயிதம் மடிஞ்சு ஓடியிருந்தா கோடு வழவழன்னு இருக்கும். மறுபடி மடிச்சா படம் ரெண்டு பக்கமும் கூடி நிக்கும்.”

நஜ்முதீன் கடிதத்தைப் பார்த்தார். அதேதான் எழுதியிருந்தது. அடுத்தது நீல நிறம் ஏறிய ஐந்து ரூபாய். சொட்டு நீலம் என்றார் மாணிக்கராஜ். இன்னொன்றில் படம் தலைகீழாக மங்கலாகப் படிந்திருந்தது. ஈரத் தாள் ஒன்றின் மேல் ஒன்று இருந்து ஒட்டியது, ஓரத்தில் கறை வளையம் இருக்கிறது என்றார். ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது, கத்தரிக்கோல். பதினாறு தாள்களில் பதினைந்து இப்படியே போயின.

பதினாறாவது எண் இல்லாத பத்து ரூபாய்.

நஜ்முதீன் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். “அண்ணாச்சி, மத்த கலரு ஒண்ணும் போகலியே. நம்பரு மட்டும் எப்படிப் போச்சு?”

“தண்ணிப்பட்டது.”

“தண்ணி நம்பர மட்டும் தேடிப் பிடிச்சா திங்கும்?”

மாணிக்கராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அச்சகத்தில் எண் போடுவது தனி வேலை என்பது அவருக்குத் தெரியும். படம் எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசியில் எண். ரசீதுப் புத்தகத்துக்கு எண் போடும்போது இரண்டு தாள் சேர்ந்து உள்ளே போனால் அடித் தாள் எண் இல்லாமலே வெளியே வரும். அவர் கையிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது! ஆனால் எண் மை தனி மை என்பதால், காரம் பட்டால் அது மட்டும் தனியாகக் கழன்று போகவும் கூடும்.

“கடிதாசியில ஒரு வழி சொல்லியிருக்காரு,” என்றார் நஜ்முதீன். “நம்பரு அச்சு காயிதத்த அமுக்கித்தான் விழுமாம். மை போனாலும் அமுங்கின தடம் பின்பக்கம் இருக்குமாம். தடம் இருந்தா கழுவினது. தடம் இல்லன்னா அச்சே விழல. நீங்க தடவிப் பாருங்க.”

மாணிக்கராஜ் இடது கையால் பின்பக்கத்தைத் தடவினார். கல்யாணப் பத்திரிகையைத் தடவியே எழுத்து ஆழமாக விழுந்ததா என்று சொன்ன கை அது. வழவழவென்று இருந்தது. தடமே இல்லை. நஜ்முதீனின் முகம் மலர்ந்தது.

“அப்ப பிழைதான்! முதலாளி நானூறு ரூவா தருவாரு அண்ணாச்சி. ஆனா இது எப்ப, யாருகிட்ட, எந்த நிலைமையில கைக்கு வந்துச்சு, பிரஸ் பிழைதான்னு நீங்க கைப்பட எழுதித் தரணும். அது இல்லாம அவரு வாங்க மாட்டாரு. நான் ஆகஸ்ட் எட்டாந்தேதி பிளேன் ஏறுதேன்.”

அப்போதுதான் மாணிக்கராஜுக்கு இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. கஞ்சி ஒற்றி, கரி கனன்ற பெட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தது அவரே. தடம் இருந்திருந்தாலும் அன்றைக்கே அது செத்திருக்கும். இருந்ததா? தேய்க்கும் முன் அவர் தடவிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப்பட்டது என்று முடிவு கட்டிய பிறகு எதற்குத் தடவ வேண்டும்?

நஜ்முதீன் போன பிறகு பழக்கடைக்காரர் கொடுத்த வாழைப்பழம் உரித்தபடியே கையில் இருந்தது. நானூறு ரூபாய் அவர் மனதில் நிற்கவில்லை. அங்கே நின்றவள் ஆமினாள்தான். இது பிழை நோட்டு என்றால் அவளிடம் தான் சொன்னது பொய். நானூறு ரூபாய்ப் பொருளை வெந்து போனது என்று பயமுறுத்தி ஆறு ரூபாய்க்குப் பிடுங்கியதாக ஆகும். எட்டு கேட்டாள், அதற்கும் மனம் இல்லை. வெந்தது உண்மை என்றால் தன் மேல் குற்றம் இல்லை. எது உண்மை என்று தெரிந்தால் போதும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே சாட்சியைத் தானே சூடு வைத்துக் கொன்றாயிற்று.

அன்று முதல் வீட்டில் பரிசோதனை நடந்தது. மிகவும் சேதப்பட்டு, கழித்துப் போட்டிருந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்களை எடுத்தார். ஒன்றைச் சலவைச் சோடாவில் போட்டார். ஒன்றைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில். ஒன்றுக்குப் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்றையும் பிழிந்துவிட்டார்.

ஞானபாய் அடுக்களை வாசலில் வந்து நின்றார். “என்னங்க, ரூவாய ஊறுகா போடுதிய?”

“நம்பரு முதல்ல போவுதா, கலரு முதல்ல போவுதான்னு பாக்கேன்.”

“புத்திதான் முதல்ல போவும்.”

பிளீச்சிங் பவுடரில் போட்ட இரண்டு ரூபாயில் எண் முதலில் மங்கியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. சந்தேகத்துக்கு இன்னொன்றைப் போட்டார். அதில் படம் முழுவதும் வெளுத்து, எண் மட்டும் கன்னங்கரேல் என்று நின்றது. சோடாவில் கிடந்ததில் எண்ணும் படமும் சேர்ந்தே போயின. எலுமிச்சம்பழத் தண்ணீரில் கிடந்ததற்கு ஒன்றுமே ஆகவில்லை, வாசனையைத் தவிர. நாலு தாளுக்கு நாலு பதில். ரிஜிஸ்தரின் கடைசிப் பக்கத்தில் நாலையும் நேரம் போட்டு எழுதி வைத்தார். எழுதிய பிறகு முன்னைவிட ஒன்றும் புரியவில்லை.

“அந்தப் பிள்ளைகிட்டயே போய்க் கேக்க வேண்டியதுதான?” என்றார் ஞானபாய். “இப்படி ஊறப் போடுறதுக்குப் பதிலா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாயி வலிக்குமா?”

ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை காலை அவர் மேசையைத் திறக்கவில்லை. தாளை ஒரு உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஊக்கு குத்திக்கொண்டு கடையநல்லூர் பஸ் ஏறினார். தறிச் சத்தத்தை வைத்தே தெருவைக் கண்டுபிடித்தார். ஆமினாள் அவரைக் கண்டதும் பயந்துபோனாள்.

“நான் ஏமாத்தலயே அண்ணாச்சி! நனைஞ்சுதுன்னு சொல்லித்தான தந்தேன்?”

“நீ ஏமாத்தல தாயி. நான் ஏமாத்தினேனான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் மைமூனம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாணிக்கராஜ் நஜ்முதீன் சொன்னதையும், இஸ்திரி போட்டதையும், நாலு தாளை ஊற வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். பிறகு கேட்டார்.

“நனையுறதுக்கு முன்னால அதுல நம்பரு இருந்துச்சா?”

“யாரு பாத்தா? பத்து ரூவான்னா பத்து ரூவா. நம்பர வச்சு என்ன செய்ய?”

“எந்தத் தண்ணியில நனைஞ்சுது?”

“நூலு வெளுக்கிற பவுடர் தண்ணி. ரெண்டு நோட்ட ஒண்ணா முடிஞ்சிருந்தேன்.”

மாணிக்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரெண்டா? மத்தது என்ன ஆச்சு?”

“அது நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாளே அரிசி வாங்கிட்டேன். நம்பரு எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு.”

ஒரே முடிச்சு, ஒரே தண்ணீர். ஒன்றில் எண் நின்றது, ஒன்றில் இல்லை. அப்படியானால் இது முதலிலேயே எண் இல்லாத நோட்டு. அதற்குள் மைமூனம்மாள் குறுக்கே விழுந்தார்.

“என்னத்தப் பளிச்சு? அரிசி வாங்கப் போனது நான். அதுலயும் நம்பரு அழிஞ்சுதான் இருந்துச்சு. கடைக்காரன் கண்ணுல படாம மடிச்சுக் குடுத்துட்டு வந்தேன்.”

“மாமி, நீங்க கண்ணாடி போடாம எப்படிப் பாத்திய?”

“கண்ணாடி போடாமத்தான் உனக்கு மாப்பிள பாத்தேன். அது மட்டும் சரியா இருந்துச்சோ?”

“அதுலயும் நம்பர் அழிஞ்சுதான் இருக்கு,” என்றாள் ஆமினாள். தறிக்குழிக்குள் இருந்த அவள் புருஷன் சத்தமாகச் செருமினான்.

மாணிக்கராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள் சொல்வது நிஜம் என்றால் பிழை. மாமியார் சொல்வது நிஜம் என்றால் சேதம். எந்த நோட்டு முடிச்சின் உள்பக்கம் இருந்தது என்று கேட்டார். இது உள்ளே என்றாள் ஆமினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை வெளியே என்றாள். எவ்வளவு நேரம் ஊறியது என்று கேட்டார். லுஹர் என்ற மதியத் தொழுகையைத் தொழுது முடிக்கிற நேரம் என்றாள் ஆமினாள். முகம் கழுவுகிற நேரம்கூட இல்லை என்றார் மைமூனம்மாள். குறித்துக்கொள்ள எடுத்த பென்சிலை அவர் மறுபடியும் பையில் போட்டார்.

பக்கத்துத் தெருவிலிருந்து நஜ்முதீனை அழைத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டியவர். வரும்போதே வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

“நானூறும் ஆமினாளுக்கே போகட்டும், எனக்கு அதுல காக்காசு வேண்டாம்,” என்றார் மாணிக்கராஜ்.

“யாருக்குப் போனா எனக்கென்ன அண்ணாச்சி? பிரஸ் பிழைன்னு ஒரு வரி எழுதுங்க.”

மாணிக்கராஜ் எழுதினார். மார்ச் 4 என்று தொடங்கினார். துவண்டிருந்தது, மூலையில் மஞ்சள், இரண்டு இடத்திலும் எண் இல்லை. பவுடர் தண்ணீரில் நனைந்ததாகக் கொடுத்தவர் கூற்று. உடன் நனைந்த தாளைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பின்பக்கத் தடத்தைப் பார்க்காமல் நானே கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டேன். காரணம் அச்சா, தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படிக்கு என்று கையெழுத்தும் போட்டார்.

நஜ்முதீன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இத வாசிச்சா அவரு நாலு ரூவா தர மாட்டாரு. அந்தக் கடைசி வரிய மட்டும் மாத்துங்க. பன்னெண்டு வருசமா நோட்டு பாக்குறீங்க, உங்க வார்த்தைக்கு மேல யாரு பேசப் போறா?”

“அந்த வார்த்தைய நம்பித்தான தம்பி இவ ஆறு ரூவாய்க்குக் குடுத்தா?”

மைமூனம்மாள் குறுக்கிட்டார். “விடு நஜ்மு. இன்னதுன்னு தெரியாத சாமான நானூறுக்கு விக்காண்டாம். அல்லாட்ட யாரு பதில் சொல்றது?”

“நானூறு ரூவா வாசப்படி வர வந்துட்டுப் போவுது,” என்றாள் ஆமினாள். அவள் குரலில் இருந்த ஏக்கம் மாணிக்கராஜின் காதில் அப்படியே தங்கிவிட்டது. அவள் உள்ளே போய் ஆறு ரூபாய் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் உறையைக் கொடுத்தார். அவள் தாளைத் தட்டிப் பார்த்தாள். விறைப்பாகச் சத்தம் கேட்டது.

“இப்ப கடையில வாங்குவானா அண்ணாச்சி?”

“நம்பரப் பாத்தா வாங்க மாட்டான். விறைப்பப் பாத்தா வாங்குவான்.”

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஆறு ரூபாய்க்கு வாங்கியது தப்பு என்றால் அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அது பிழை நோட்டாகவே இருந்திருந்தால், ஒரு வரி எழுத மறுத்து அவளுக்கு நானூறு ரூபாய் நஷ்டம் வைத்ததும் தான்தானே? புளியங்குடியும் அதன் எலுமிச்சைச் சந்தையும் கடந்து போயின. எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு நேராகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஞானபாய் கேட்டார், “தெரிஞ்சுதா?”

“போகும்போது ரெண்டு சந்தேகம். இப்ப நாலு.”

அதற்குப் பிறகு அவர் எந்தத் தாளையும் தடவிப் பார்க்காமல் இஸ்திரி போட்டதில்லை. வருகிறவர்களிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். “நோட்டு மாத்த வந்தனா, வாக்குமூலம் குடுக்க வந்தனா?” என்று சலித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

நவம்பர் 22, திங்கட்கிழமை. புளியங்குடி பஸ்ஸின் கண்டக்டர் குருசாமி இரண்டு துண்டாகக் கிழிந்த ஒரு பத்து ரூபாயை மேசை மேல் போட்டார்.

“அண்ணாச்சி, இத ஒரு ஆளு தந்தான். நம்பரு இல்லியே, வேற குடும்னேன். நாந்தான் போன வாரம் அவனுக்குச் சில்லறையாத் தந்தேன்னு சொன்னான். அவன் இழுக்க, நான் இழுக்க, பிஞ்சு போச்சு. கழிவு போட்டுக் குடும்.”

மாணிக்கராஜ் துண்டுகளைக் கண்ணாடிப் பலகையில் சேர்த்து வைத்தார். மயில், மூலையில் மஞ்சள். கஞ்சி இன்னும் பாதி விறைப்பாக இருந்தது. இடது கை தன் வேலையைத் தானே அடையாளம் கண்டது.

டப்பாவிலிருந்து முழுப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

“கழிவு?”

“இதுக்குக் கிடையாது.”

“நம்பரு எங்க போச்சு அண்ணாச்சி? அச்சடிக்கும்போதே விட்டுட்டானா?”

“தெரியல வே.”

“உமக்கே தெரியலியா!” என்று சிரித்துக்கொண்டே குருசாமி விசிலை வாயில் வைத்தபடி ஓடினார்.

மாணிக்கராஜ் ரிஜிஸ்தரைத் திறந்தார். இது கிழிசல். இன்றைக்கு நடந்தது, சாட்சியோடு. முதல் பத்தியில் கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார், நிறுத்தினார். அளவுகோலை வைத்து, ஐந்து பத்திகளுக்கு அப்பால் மீதியிருந்த ஓரத்தில் ஆறாவதாக ஒரு பத்தி பிரித்தார். தேதி எழுதினார். பத்து ரூபாய் என்று எழுதினார். நோட்டின் எண் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஆறாவது பத்தியில் ஒரு கோடு போட்டார். அதன் தலைப்பில் என்ன எழுதுவது என்று தென்காசி பஸ் வந்து போகும்வரை யோசித்தார். பிறகு தலைப்பு எழுதாமலே மூடி வைத்தார். அந்த ரிஜிஸ்தர் தீரும் வரை அந்தப் பத்திக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. கோடுகள் மட்டும் பதினொன்று விழுந்திருந்தன.